ஆடிட்டர் ஆபீசில் 2 ஆண்டு: வீணாகுமா? சொத்தாகுமா?

மும்பை தாராவியில் ஊர் உறங்கும் நேரத்திலேயே விளக்கு எரியும் சந்துகள் உண்டு. அங்கே நம்மவர்கள் இட்லி அவிக்கிறார்கள். விடிவதற்குள் பாத்திரங்கள் நிறைந்து, சைக்கிளிலும் தலைச்சுமையிலும் நகரத்தின் நாலா பக்கமும் இட்லி புறப்பட்டு விடும்.

அந்தத் தொழிலில் இருக்கும் நெல்லைச் சீமைக்காரர் ஒருவர், போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். அவர் மகன் சி.ஏ. படிக்கிறான். இண்டர்மீடியட் தேர்வில் 2 குரூப்பும் பாஸ். இனி ஓர் ஆடிட்டரிடம் 2 ஆண்டு பயிற்சி பெற வேண்டும். அது முடிந்த பிறகுதான் கடைசித் தேர்வு.

அண்ணாச்சி உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்:

"தம்பி, ஒருத்தர் ஒரு வழி சொல்லுதாரு. ஒரு ஆபீஸ்ல பேரை மட்டும் பதிஞ்சுக்கிடுவாங்களாம். பையன் போகவே வேண்டாமாம். 2 வருஷம் முடிஞ்சதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துருவாங்களாம். அதுக்குள்ள வேற வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கலாம்லா? மூணாவது பிள்ளைக்குப் பீஸ் கட்டணும். நீங்க என்ன சொல்லுதிய?"

நான் ரெயில்வே குமாஸ்தா. படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரை. ஆனாலும் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால், எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நினைத்து விட்டார். "விசாரித்துச் சொல்கிறேன் அண்ணாச்சி" என்று அனுப்பி வைத்தேன்.

டூட்டி முடிந்த பிறகு சில வாரங்கள் கோட்டை, காள்பாதேவி, மாதுங்கா பக்கம் அலைந்தேன். ஆடிட்டர்களையும் அவர்களிடம் பயிற்சி பெறும் பையன்களையும் பெண்களையும் சந்தித்தேன். அவர்கள் சொன்னதையும், என் மேஜையில் நானே பட்டதையும் இங்கே தருகிறேன். நம் சால்களில் சி.ஏ. படிக்கும் பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். அவர்கள் வீட்டுக்கு இது உதவும்.

என்ன பயிற்சி இது?

பட்டயக் கணக்காளர் சட்டம் 1949-ம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டு ஜூலை 1-ந் தேதி இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் தொடங்கியது. அன்று முதல் இன்று வரை, புத்தகம் மட்டும் படித்து யாரும் சி.ஏ. ஆக முடியாது. தொழில் செய்யும் ஆடிட்டர் ஒருவரிடம் கைவேலை பழகியே ஆக வேண்டும். இதற்குத்தான் 'ஆர்ட்டிகிள்ஷிப்' என்று பெயர். அந்தக் காலத்தில் பயிற்சிக்குச் சேருகிறவர்கள் ஆடிட்டருக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. இப்போது ஆடிட்டர்தான் பயிற்சியாளருக்கு மாதாமாதம் உதவித்தொகை தருகிறார். எந்த ஊர், எத்தனையாவது ஆண்டு என்பதைப் பொறுத்துக் குறைந்தபட்சத் தொகையைக் கழகம் நிர்ணயித்திருக்கிறது. பெரிய தொகை அல்ல. சீசன் டிக்கெட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போக வீட்டுக்கு அதிகம் மிஞ்சாது.

முன்பு பயிற்சி 3 ஆண்டு. 2023-ம் ஆண்டு ஜூலை 1 முதல் வந்த புதிய திட்டத்தில் 2 ஆண்டாகக் குறைத்து விட்டார்கள். கூடவே விடுமுறையையும் குறைத்தார்கள். முன்பெல்லாம் தேர்வுக்குப் படிக்க என்று பயிற்சிக்கு நடுவிலேயே நீண்ட லீவு எடுப்பார்கள். இப்போது ஆண்டுக்கு 12 நாள்தான். அதற்குப் பதிலாக, பயிற்சி முடிந்த பின் தேர்வுக்குப் படிக்க 6 மாதம் தனியாகக் கிடைக்கிறது. இந்த 2 ஆண்டும் முழுக்க முழுக்க வேலை பழகுவதற்கே என்பதுதான் இதன் பொருள்.

வேலை நேரம் வாரத்துக்கு 35 மணி. சேரும்போது 102-ம் எண் படிவத்தில், முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுத வேண்டும். சேர்ந்த 30 நாட்களுக்குள் 103-ம் எண் படிவத்தைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். "ஆடிட்டர் ஆபீசில் பார்த்துக் கொள்வார்கள்" என்று இருந்து விடக்கூடாது. பதிவு ஆகி விட்டதா என்று பையனே கேட்டுப் பார்க்க வேண்டும். தாமதமானால் நஷ்டம் அவனுக்குத்தான்.

'டம்மி' என்னும் வலை

அண்ணாச்சி சொன்ன வழிக்கு இந்த வட்டாரத்தில் 'டம்மி' என்று பெயர். பேர் ஆபீசில் இருக்கும். ஆள் இருக்க மாட்டான். மாதுங்காவில் மூத்த ஆடிட்டர் ஒருவரிடம் இதுபற்றிக் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"மற்றவர் கணக்கு உண்மையா பொய்யா என்று சொல்வதுதான் எங்கள் தொழில். அந்தத் தொழிலுக்குள் வரும்போதே பொய்க் கணக்கோடு வந்தால், அந்தப் பையன் பிறகு எதில் கையெழுத்துப் போடத் தயங்குவான்?" என்று கேட்டார்.

நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். ஆபத்தும் உண்டு. விஷயம் வெளிவந்தால், அந்தப் பயிற்சிக் காலமே செல்லாது என்று கழகம் சொல்லலாம். கையெழுத்துப் போட்ட ஆடிட்டர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை வரும். 2 ஆண்டு போனது போனதுதான்.

யாருக்கும் தெரியாமல் தப்பி விட்டாலும் இன்னொரு இடி காத்திருக்கிறது. சி.ஏ. பாஸ் செய்தவனிடம் கம்பெனிக்காரர்கள் நேர்முகத் தேர்வில் கேட்கும் கேள்விகளில் முக்கியமானது, "பயிற்சியில் என்ன வேலை பார்த்தாய்?" என்பதுதான். டம்மியாக இருந்தவன் அங்கே என்ன சொல்வான்? மார்க் ஷீட்டைக் காட்டலாம். பார்க்காத வேலையை எப்படிக் காட்டுவது?

என் மேஜைக்கு வந்த தணிக்கை

தணிக்கை என்றால் என்ன என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியாது. மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து தெரிந்து கொண்டவன் நான்.

ரெயில்வேயில் கணக்கு இலாகாவிலிருந்து ஸ்டேஷன் ஸ்டேஷனாக வந்து சோதிக்கும் இன்ஸ்பெக்டர்கள் உண்டு. 'டி.ஐ.ஏ.' என்போம். நான் பார்சல் ஆபீசில் இருந்தபோது ஒருநாள் ஒருவர் வந்தார். புத்தகங்களைத் தூசு தட்டி எடுத்து அவர் முன்னால் அடுக்கினேன். ஒன்றைக்கூட அவர் திறக்கவில்லை.

"முதலில் டிராயரைத் திறங்க. பணத்தை எண்ணுவோம்" என்றார்.

எண்ணினோம். புத்தகத்தில் இருக்க வேண்டியதை விட 200 ரூபாய் கூடுதல்! அது என் சொந்தப் பணம். பணம் கையாளும் ரெயில்வே குமாஸ்தா டூட்டியில் ஏறும்போது, தன் பையில் உள்ள சொந்தப் பணத்தை அதற்கான பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அன்று அவசரத்தில் மறந்து விட்டேன். மதியம் சில்லறை இல்லாமல் என் பணத்தையும் டிராயரில் போட்டிருந்தேன். குறைந்தால்தான் குற்றம் என்று நினைத்திருந்தேன். கூடினாலும் குற்றம்தான் என்று விளக்கக் கடிதம் எழுதும்போது புரிந்தது.

அந்த இன்ஸ்பெக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலில் பொருளைப் பார், பிறகு புத்தகத்தைப் பார் என்ற பாடத்தை அவர் எனக்குச் சொல்லித் தந்தார். கணக்கு படிக்கும் பிள்ளைகள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புத்தகத்தில் கூட்டல் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நம்பி விடுகிறார்கள்.

முதல் மாதம்: ஜெராக்சும் பைலும்

இட்லிக்காரர் மகன் டம்மிக்குப் போகவில்லை. கோட்டைப் பகுதியில் 2 அறை கொண்ட சிறிய ஆபீஸ் ஒன்றில் சேர்ந்தான். முதல் மாதம் முடிந்ததும் முகம் வாடி என்னிடம் வந்தான்.

"அண்ணே, ஜெராக்ஸ் எடுக்கச் சொல்றாங்க, பைல் கட்டச் சொல்றாங்க, பேங்க்ல செலான் கட்டச் சொல்றாங்க. இதுக்கா இவ்வளவு படிச்சேன்?"

இந்தக் குறை ஏறக்குறைய எல்லாப் பயிற்சியாளரிடமும் உண்டு. இதில் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆறு மாதம் ஆகியும் ஜெராக்ஸ் மட்டும்தான் என்றால், அது பயிற்சி அல்ல. பணிவாக, ஆனால் தெளிவாக ஆடிட்டரிடம் பேச வேண்டும். "சார், அடுத்த ஆடிட்டுக்கு என்னையும் அழைத்துப் போங்கள்" என்று கேட்பதில் தவறில்லை. கேட்காத பிள்ளைக்கு வீட்டிலேயே சோறு தாமதமாகத்தான் வரும்.

ஆனால் முதல் மாதத்து ஜெராக்சை வீண் என்று சொல்லாதீர்கள். நகல் எடுக்கும் ஒவ்வொரு தாளையும் படிக்கலாமே! எந்தக் கம்பெனி எந்தத் தேதியில் என்ன வரி கட்டுகிறது, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எப்படி இருக்கிறது, இலாகாவிலிருந்து வரும் நோட்டீசுக்கு ஆடிட்டர் எப்படிப் பதில் எழுதுகிறார் என்பதெல்லாம் அந்தப் பைலுக்குள்தான் இருக்கிறது. பைலைக் கட்டத் தெரிந்தவன் நிறையப் பேர். கட்டும் முன் படித்தவன்தான் மேலே வந்திருக்கிறான்.

வவுச்சரும் பேசும்

அடுத்து வருவது வவுச்சர் சரிபார்ப்பு. ரசீதைப் பார்த்து, தொகையைப் பார்த்து, பச்சை மையில் டிக் அடிக்கும் வேலை என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். நூறு வவுச்சரைக் கண் மட்டும் பார்த்தால் அது கேலிக்குரிய வேலைதான். மூளையும் சேர்ந்து பார்த்தால் நிலைமை வேறு.

ஓர் உதாரணம். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் பொதுவாகக் கழித்துக் கொள்ள முடியாது. ஆகவே 9,500, 9,800 என்று ரொக்க வவுச்சர்கள் வரிசையாக வந்தால், பையன் அங்கே நிற்க வேண்டும். கையெழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா? பெயர் வேறு வேறாக இருந்தாலும் ஆள் ஒன்றா? தனித்தனியே பார்த்தால் எல்லாம் சரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அது பேசும்.

இன்னொன்று, பெயரைச் சொல்லாமல் ஓர் ஆடிட்டர் சொன்ன சம்பவம். வியாபாரியின் ரொக்கப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குக் காரணம் எழுதும் பட்டியல் ஒன்று உண்டு. கொடுத்து விட்ட செக்குகள் இன்னும் வங்கிக்கு வராமல் இருந்தால் அதில் எழுதுவார்கள். ஒரு பயிற்சிப் பெண் அந்தப் பட்டியலைப் பார்த்தாள். சில செக்குகள் எழுதி 5 மாதம் ஆகியும் வங்கிக்கு வரவில்லை. 2012-ம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் செக் 3 மாதத்துக்குத்தான் செல்லும். பணம் வர வேண்டியவன் யாராவது செக்கை வைத்துக் கொண்டு சும்மா இருப்பானா? கேட்டாள். செக்குகள் காசாளரின் மேஜையிலேயே இருந்தன! கடனை அடைத்து விட்டது போல் ஆண்டுக் கணக்கில் காட்டுவதற்காக எழுதி, கொடுக்காமல் வைத்திருந்தார்கள். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாகவே இருந்த கணக்கு அது. அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

சரக்கு எண்ணும் நாள்

மார்ச் 31-ந் தேதியை ஒட்டிப் பயிற்சியாளர்களைக் குடோனுக்கு அனுப்புவார்கள். பிவண்டி பக்கம் துணிக் குடோன்களில் வெயிலில் நின்று பேல் எண்ண வேண்டும். அங்கே செய்ய வேண்டிய 3 காரியங்களைப் பழகிய கை ஒன்று எனக்குச் சொன்னது.

முதலாவது, பட்டியலில் உள்ள சரக்கு குடோனில் இருக்கிறதா என்று பார்ப்பது. இது எல்லோரும் செய்வது. இரண்டாவது, குடோனில் கண்ணில் படும் சரக்கு பட்டியலில் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பது. முதலாவது, இல்லாத சரக்கைக் காட்டிக் கொடுக்கும். இரண்டாவது, மறைத்த சரக்கைக் காட்டிக் கொடுக்கும். மூன்றாவது, அன்று கடைசியாக வெளியே போன சலானின் நம்பரையும், கடைசியாக உள்ளே வந்த சரக்கின் நம்பரையும் குறித்துக் கொள்வது. அடுத்த ஆண்டு விற்பனையை இந்த ஆண்டிலோ, இந்த ஆண்டுக் கொள்முதலை அடுத்த ஆண்டிலோ எழுதினால் பிறகு அந்த நம்பர்தான் சாட்சி.

பார்சல் ஆபீசில் நானும் இதையேதான் செய்கிறேன். ஆகவே பிள்ளைகளே, குடோன் வேலை மூட்டை எண்ணும் வேலை என்று முகம் சுளிக்காதீர்கள்.

பெரிய ஆபீசா, சின்ன ஆபீசா?

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது. பெரிய ஆபீசில் பெரிய கம்பெனிகளின் கணக்கு வரும். ஒரு வேலையை ஆழமாகப் பழகலாம். பெயருக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஒரே வேலையில் பல மாதம் கட்டிப் போட்டு விடக்கூடும். சின்ன ஆபீசில் ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கை, பிறகு வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி., கம்பெனிப் பதிவு என்று எல்லாம் கைக்கு வரும். ஆனால் சொல்லித் தர ஆடிட்டருக்கு நேரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போர்டைப் பார்த்துச் சேராதீர்கள். அங்கே இப்போது பயிற்சியில் இருக்கும் பிள்ளையைத் தனியாகச் சந்தித்துக் கேளுங்கள். என்னென்ன வேலை கிடைத்தது, ஆடிட்டர் பக்கத்தில் உட்கார வைத்துத் தவறைத் திருத்துகிறாரா, தினமும் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாய் என்ற மூன்று கேள்வி போதும்.

இந்த ஊருக்கென்று ஒரு பாடம்

மஸ்ஜித் பந்தர், காள்பாதேவி கடைகளில் குஜராத்தி, மார்வாடி வியாபாரிகள் நிறைய. கம்ப்யூட்டர் வந்து விட்டாலும் சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்குப் புத்தகத்தைத் தீபாவளிக்குப் பூஜை செய்யும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சில இடங்களில் துண்டுச் சீட்டில் தொகையைக் குஜராத்தி எண்ணில் எழுதி வைத்திருப்பார்கள். நம் பையன்கள் அந்தப் பத்து எண்ணையும் ஒரு மாலையில் கற்றுக் கொள்ளலாம். மராத்தியும் இந்தியும் தெருவிலேயே வந்து விடும். பாஷை தெரிந்தவனிடம் கணக்கப்பிள்ளை மனம் விட்டுப் பேசுவார். பாதித் தணிக்கை அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. லோக்கல் ரெயிலில் பயிற்சிப் பிள்ளைகள் கட்சிக்காரர் பெயரைச் சொல்லி, "அவன் கணக்கில் இவ்வளவு ஓட்டை" என்று சிரித்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் கம்பியைப் பிடித்து நிற்பவர் யார் என்று தெரியுமா? கட்சிக்காரர் ரகசியத்தைக் காப்பது இந்தத் தொழிலின் முதல் கடமை. ஆபீஸ் விஷயத்தை ஆபீசிலேயே விட்டு வர வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

பயிற்சியாளர் செய்த வேலையைப் பதிந்து வைக்கக் கழகமே ஏற்பாடு செய்திருக்கிறது. இப்போது அது கம்ப்யூட்டர் வழியாக நடக்கிறது. பலர் மாதக் கடைசியில் உட்கார்ந்து, "தணிக்கை வேலை, தணிக்கை வேலை" என்று நிரப்பி விடுகிறார்கள்.

அது கழகத்துக்கு. தனக்கென்று ஒரு நோட்டு வேண்டும். பக்கத்துக்கு 3 பத்தி போதும். இன்று என்ன பார்த்தேன், என்ன கேட்டேன், சட்டத்தில் அது எங்கே இருக்கிறது? கட்சிக்காரர் பெயர் அதில் வேண்டாம். மூன்றாவது பத்தியை ராத்திரி வீட்டில் புத்தகத்தைப் பார்த்து நிரப்ப வேண்டும். அப்படிச் செய்தால் தேர்வுக்குப் படிப்பதும் அதுவே, வேலை பழகுவதும் அதுவே. நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் அந்த நோட்டு ஒன்று போதும்.

சிறை மீண்டு வந்த பெண்

கஷ்டத்தில் படிக்கிறோம் என்று சோர்ந்து போகும் பிள்ளைகளுக்கு ஒரு பெயரைச் சொல்கிறேன். சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். வெளியே வந்து ஆடிட்டரிடம் பயிற்சி பெற்று, 1933-ம் ஆண்டு இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்யக்கூடாது என்று அப்போதைய ஆங்கில அரசு தடை வைத்திருந்தது. அவர் வழக்காடி உரிமை பெற்றார். 1955 முதல் 1958 வரை கழகத்தின் தென்னிந்தியக் கவுன்சிலுக்குத் தலைமையும் வகித்தார். அவர் காலத்துத் தடைகளோடு பார்த்தால், நம் பிள்ளைகளுக்கு ரெயில் நெரிசல் ஒன்றும் பெரிதல்ல.

இட்லிக் கணக்கு

அண்ணாச்சியின் மகனுக்கு இப்போது 2-வது ஆண்டு நடக்கிறது. போன மாதம் அவர் மீண்டும் வந்தார். இந்த முறை உட்கார்ந்தார்.

மகன் ஒருநாள் ராத்திரி அப்பாவின் வியாபாரக் கணக்கைக் கேட்டிருக்கிறான். அரிசி, உளுந்து, தேங்காய், கேஸ் எல்லாம் போக நாளைக்கு 1,100 ரூபாய் லாபம் என்று அண்ணாச்சி பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மகன் நோட்டில் எழுதினான். அப்பாவும் அம்மாவும் ராத்திரி 2 மணிக்கு எழுந்து 11 மணி வரை, ஆளுக்கு 9 மணி நேரம்; இருவருக்கும் சேர்த்து 18 மணி நேரம்.

"அப்பா, இது லாபம் இல்ல. உங்க ரெண்டு பேர் கூலி. மணிக்கு 61 ரூபாய்தான் வருது. அதிலயும் ஒரு டீக்கடைக்காரர் 6 வாரமாப் பாக்கி வச்சிருக்காரு. அதை நீங்க வந்ததாவே எழுதிட்டீங்க" என்றானாம்.

மறுநாளே அண்ணாச்சி பாக்கியைக் கேட்டு வாங்கினார். தொலைவில் இருந்த, காசு சரியாக வராத 2 இடங்களுக்குப் போவதை நிறுத்தினார். அந்த நேரத்துக்கு மனைவி உறங்குகிறாராம்.

"இருபது வருஷமா யாரும் என்கிட்ட இந்தக் கணக்கைக் கேக்கல தம்பி. அன்னைக்கு அந்தக் கையெழுத்துக்காரன் பேச்சைக் கேட்டிருந்தா, இவனுக்கு இதைக் கேக்கத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

பெற்றோர்களே! உங்கள் வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. 2 ஆண்டு சம்பளம் இல்லாமல் இருப்பது சிரமம்தான். ஆனால் இந்த 2 ஆண்டை விற்று விடாதீர்கள். பிள்ளைகளே! அப்பாவும் அம்மாவும் உங்களுக்காகப் பொறுத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் உங்கள் நோட்டில் ஒரு பக்கம் இருக்கட்டும்.